மாவொட்டும் மழைக்காலமும்



சுவைமிக்க மாம்பழம் ஒன்றை உண்டவர், அதன் கொட்டையைக் கழுவி எடுத்து வளவில் ஊன்றிவைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கொட்டை முளைக்கும், கன்று மரமாகும். ஆறேழு ஆண்டு காத்திருந்து முதற்காயைப் பழுக்கவைத்துச் சுவைத்துப் பார்த்தால், ஊன்றியவர் நினைத்திருந்த பழம் அதுவாக இராது. நார் மிகுந்திருக்கும், அல்லது புளிப்பு மேலிட்டிருக்கும், எப்போதோ ஒருமுறை தாயினுஞ் சிறந்த பழமாகவும் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டிற்கு மண்ணைக் குறைகூறிப் பயனில்லை. இந்திய நாட்டு மாவினங்களிற் பெரும்பாலானவற்றின் கொட்டையினுள் இருப்பது ஒரேயொரு முளை. அம்முளை, தாய்மரத்துச் சூலும், ஈயோ வேறு பூச்சியோ எங்கிருந்தோ சுமந்துவந்த மகரந்தமும் கூடிப் பிறந்தது. பிள்ளை தாயைப் போன்றிருக்க வேண்டுமென்னும் நியதி அதற்கில்லை. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் மாவினங்களுக்கும், மலையாளக் கரையிலுள்ள ஒலூர், சந்திரக்காரன் போன்ற சிலவற்றிற்கும் வேறோர் இயல்புண்டு. அவற்றின் கொட்டையொன்றிற் பல முளைகள் காணப்படும். அவற்றுட் பல, மகரந்தத்தின் உதவியின்றித் தாயின் உடலிழையத்திலிருந்தே தோன்றுவன. ஆதலால் தாயை உரித்துவைத்தாற்போல வளரும். அப்பேறு வாய்க்காத ஏனைய இனங்களோ, ஒவ்வொன்றும் ஒரு தனிமரத்தின் உடலோடு பிறந்தவை. புயலில் அம்மரம் சாய்ந்தால் அந்த இனமும் அதனுடன் சாயும். அதற்கு முன்னரே அதன் கிளையொன்றை வேறொரு மரத்தின் வேரிற் பொருத்தி வாழவைத்தாலன்றி அதைக் காக்க வழியில்லை.

அவ்வாறு பொருத்துவதையே ஒட்டுதல் என்கிறோம். வேரோடுள்ள கன்று ஒட்டுக்கட்டை எனப்படும்; அதன்மேற் பொருத்தப்படும் நல்லினக் கிளை ஒட்டுமுளை எனப்படும். பட்டைக்கும் மரவயிரத்திற்கும் இடையே ஈரமும் வழுவழுப்புமுள்ள மெல்லிய படையொன்று உண்டு. தாவரநூலார் அதனை மாறிழையம் என்பர். இரண்டின் மாறிழையமும் ஒன்றையொன்று தொட்டிருக்கும்படி வைத்துக் கட்டினால், இருபுறமும் புதிய இழையம் வளர்ந்து கைகோக்கும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் அப்புதிய இழையம் வளர்வதற்கு மிதமான வெப்பம் வேண்டும். 25 முதல் 30 பாகை செல்சியசு வரையிலான நிலை அதற்கு உகந்தது. காற்றில் ஈரம் வேண்டும். ஒட்டுக்கட்டையிற் சாறு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கு கூடும் நாட்கள் எவை என்பதை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்பதே மாவொட்டின் வரலாறு.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் என்னும் வானநூலறிஞர் இயற்றிய பிருகத் சங்கிதையில் மரம் வளர்ப்பைப் பற்றிய இயல் ஒன்றுண்டு. விருட்சாயுர்வேதம் என்பது அதன் பெயர். ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றின் அடியிற் பொருத்தும் முறையை அவர் அதிற் கூறுகிறார். பொருத்துவாயைச் சாணங்கொண்டு மெழுகச் சொல்கிறார். அதனினும் நாம் கருதத்தக்கது அவர் காலத்தை வகுத்திருக்கும் முறை. கிளைவிடாத மரங்களுக்குப் பின்பனிக்காலம், கிளைவிட்டவற்றிற்கு முன்பனிக்காலம், அடிமரம் பருத்தவற்றிற்கு மழைக்காலத்தின் தொடக்கம் என்று அவர் விதிக்கிறார். எல்லா மரத்திற்கும் ஒரே நாள் ஒவ்வாது என்னும் உண்மை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் ஏறிவிட்டது. பலா, அசோகு, வாழை, நாவல், மாதுளை, திராட்சை என்று இம்முறைக்குரியனவாக அவர் எடுத்தோதும் பட்டியலில் மாவின் பெயர் மட்டும் இல்லை. மாவைப் பாடாத புலவர் இல்லாத நாட்டில் இஃது ஏன் விடுபட்டது என்பதற்கு நூலில் விடையில்லை. எனினும், மாங்கிளையொன்றை வெட்டியெடுத்து வேறொரு கன்றிற் கட்டிப்பார்த்தவர்க்குக் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. வெட்டிய சில நாளில் அக்கிளை காய்ந்து சுருண்டுவிடும்.

அது காய்வதற்குக் காரணம் மாமரத்தின் வாழ்க்கை முறையே. அப்பிள், பேரி முதலிய குளிர்நாட்டு மரங்கள் மாரியில் இலையுதிர்த்து உறங்குகின்றன. அவ்வுறக்கத்தில் வெட்டப்படும் குச்சியில் இலையில்லை. நீரை ஆவியாக்கி இழக்கும் வாயில்கள் இல்லை. ஐரோப்பியத் தோட்டக்காரன் குளிர்காலத்தில் அக்குச்சியை வெட்டி ஈரமணலிற் புதைத்துவைப்பான். இளவேனில் பிறந்து ஒட்டுக்கட்டையில் சாறு ஏறும்போது எடுத்து ஒட்டுவான். உறங்குவதை விழிப்பதன்மேற் கட்டுவதே அவனது கலை. மாமரமோ என்றும் பச்சையானது. ஆண்டிற் சில தடவை திடீரெனத் தளிர்விடும். செம்பு நிறமான அத்தளிரின் அழகைக் கண்டே மாந்தளிர் மேனி என்னும் வழக்கு நம்மிடையே எழுந்தது. அத்தளிர் முற்றிக் கரும்பச்சையானதும் அக்கிளை சில காலம் ஓய்ந்திருக்கும். பின்னர் மீண்டும் தளிர்க்கும். ஒரே மரத்தில் கிழக்குக் கிளை தளிர்த்திருக்க மேற்குக் கிளை ஓய்ந்திருப்பதும் உண்டு. முழு மரத்திற்கும் உரிய உறக்கம் என ஒன்று இல்லாத இடத்தில், ஐரோப்பாவின் பஞ்சாங்கம் உதவாது போயிற்று.

1510ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோவாவைக் கைப்பற்றினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இயேசு சபைத் துறவிகள் அங்கு மாவொட்டும் முறையைப் பரப்பினர் என்பதே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. அவர்கள் கையாண்டது வெட்டிய குச்சியை ஒட்டும் முறையன்று. கிளையைத் தாய்மரத்திலிருந்து பிரிக்காமலே ஒட்டும் நெருக்கொட்டு முறை. இதுவும் ஐரோப்பாவிற்குப் புதியதன்று. கிறித்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியின் கேட்டோ, அருகருகே வளரும் முந்திரிகைக் கொடிகள் இரண்டைச் சீவி ஒன்றோடொன்று கட்டும் வகையைத் தம் வேளாண்மை நூலில் எழுதியிருக்கிறார். கொடிக்குச் சொன்ன உபாயம் மாமரத்திற்கு உயிர்மருந்தாயிற்று. புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிப்பதினும், தெரிந்த முறைகளுள் எதனை எந்த மரத்திற்கு எடுத்தாளுவது என்று தேர்வதே அரிது என்பது என் எண்ணம்.

நெருக்கொட்டுக் கட்டும் தோட்டத்தைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். தாழ்ந்த கிளைகளையுடைய தாய்மரத்தைச் சுற்றி மூங்கிலாலும் கம்புகளாலும் பரண் கட்டியிருப்பர். ஓராண்டு வளர்ந்து பென்சிற் பருமனான கன்றுகள் சட்டிகளில் அப்பரண்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும். சட்டிக்கன்றிலும் தாய்மரத்தின் சிறு கிளையிலும் ஏறத்தாழ ஐந்து சதமமீற்றர் நீளத்திற்குப் பட்டையையும் அதனடியிலுள்ள மரத்திற் சிறிதையும் சீவி, சீவிய முகங்களைப் பொருத்தி, வாழைநாரால் இறுகக் கட்டுவர். களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவர். கன்று தன் வேரினால் உண்ணும்; கிளை தன் தாயினால் உண்ணும். இரண்டும் பட்டினி கிடவாமல் இரண்டு மூன்று மாதம் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு பொருத்துக்குக் கீழே தாய்க்கிளையிற் சிறிதாக வெட்டு ஒன்றிடுவர். ஒரு கிழமை கழித்து அதனை ஆழமாக்குவர். இறுதியில் முற்றாக அறுப்பர். குழந்தையைப் பால்மறக்கச் செய்யும் தாய் இதனினும் பொறுமையாகச் செய்வாளோ என்பது ஐயமே.

தாயோடு தொடர்பு அறாதபோது வானிலையைப் பற்றிக் கவலையேன் என்று கேட்கலாம். கவலை குறைந்ததேயன்றி ஒழிந்ததில்லை. கோடையிற் கட்டினால் கன்றின் சாறோட்டம் மெலிந்திருக்கும். சீவிய முகம் கட்டும் முன்னரே உலர்ந்துவிடும். பரண்மேலுள்ள சட்டிகளுக்கு நாடோறும் நீர் சுமப்பதே பெரும்பாடாகும். ஆகையால் மழைக்காலமே உரியதென்று கண்டனர். ஆனால் கொங்கணக் கரையின் மழை நாமறிந்த சிறுதூறலன்று. யூன் தொடக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதும் தென்மேற்குப் பருவக்காற்று, செத்தெம்பர் வரையில், கோவாவில் ஏறக்குறைய 3,000 மில்லிமீற்றர் மழையைப் பொழிந்துவிடுகிறது. யூலையின் கடுமழையில் நீர் கட்டினுள் இறங்கித் தங்கினால் பொருத்துவாய் அழுகும். எனவே பெருமழைப் பிரதேசங்களில் அம்மழை வலுக்குமுன்னரோ தணிந்த பின்னரோ கட்டுவதும், மழை குறைந்த உள்நாடுகளில் மழையின் நடுவிலேயே கட்டுவதும் வழக்காயின. ஒரே நாட்டில் ஒரே மரத்திற்கு இரண்டு நாட்குறிப்புகள் எழுந்தமை இவ்வாறே.

இம்முறையின் பயன் விரைவிலேயே கோவாவின் சந்தைகளில் தெரிந்தது. 1670களில் அங்குச் சென்ற யோன் பிறையர் என்னும் ஆங்கில மருத்துவர் கோவாவின் மாம்பழத்தை ஏனைய ஊர்ப் பழங்களுக்கு மேலாக வைத்தார். அவருக்குப் பின் மனூச்சி என்னும் இத்தாலியர், அங்குள்ள மாம்பழங்கள் தனித்தனிப் பெயர் பூண்டிருந்ததைக் குறித்துள்ளார். பழத்திற்குப் பெயர் நிலைப்பதென்றால் அந்தப் பழம் ஆண்டுதோறும் மாறாது வரவேண்டும். அதற்கு ஒட்டுமரம் வேண்டும். கோவாவைக் கைப்பற்றிய அல்புகேர்க் என்பாரின் பெயரால் வழங்கும் அல்போன்சோ இன்றும் மாறாதிருப்பது, பரண்மேற் சட்டி வைத்துக் காத்திருந்த பெயரறியாத் தோட்டக்காரர்களின் கைவேலையால்.

நெருக்கொட்டிற்கு ஒரு பெருங்குறை உண்டு. தாய்மரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கன்று உண்டாக்கலாம். பரணில் எத்தனை சட்டி அமையுமோ அத்தனையே பெறலாம். தாய்மரம் ஒன்றேயொன்றாகி, அதுவும் கடல் கடந்த நாட்டிற் குளிரின் வாயில் நின்றால் யாது செய்வது? இவ்வினா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் புளோரிடாவில் எழுந்தது.

1889ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் இந்தியாவிலிருந்து நெருக்கொட்டு மாங்கன்றுகளை வரவழைத்தது. அவற்றுட் சில புளோரிடாவின் கீழைக் கரையில் வேர்த் ஏரிக்கு அருகில் வாழ்ந்த எல்பிரிட்சு கேல் என்னும் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டன. வந்த இனங்களுள் ஒன்றின் பெயர் முல்கோபா. தமிழ்நாட்டார் மல்கோவா என்று வழங்கும் பெயரே அது. ஐந்து ஆண்டு கழிந்து 1894ஆம் ஆண்டு திசெம்பர் இறுதியில் கடுமையான உறைபனி புளோரிடாவைத் தாக்கியது. தோடை மரங்களின் காயும் இலையும் கருகின. ஆனால் மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. அதன்பின் வந்த சனவரி இளஞ்சூடாக இருந்தது. மரங்கள் ஏமாந்தன. பட்டையின் கீழ்ச் சாறு ஏறியது, புதுத்தளிர் அரும்பியது. 1895ஆம் ஆண்டு பெப்புருவரி 7ஆம் 8ஆம் நாட்களில் இரண்டாவது உறைபனி இறங்கியது. முதலாவது பனி உறங்கும் மரத்தைத் தாக்கிற்று; இரண்டாவது பனி விழித்து நின்ற மரத்தைத் தாக்கிற்று. சாறு உறைந்து பட்டைகள் வெடித்தன. தோடைத் தோட்டங்கள் வேரடிவரை மாண்டன. குளிரின் அளவைக் காட்டிலும் அது வந்த வேளையே கொன்றது. இந்தியாவிலிருந்து வந்த மாக்களுள் அதன்பின் எஞ்சி நின்றது கேலின் நிலத்திலிருந்த முல்கோபா ஒன்றே.

அம்மரம் 1898ஆம் ஆண்டிற் காய்த்தது. நாரற்ற, மணமிக்க அப்பழத்தை உண்ட அமெரிக்கர், மாம்பழம் என்றால் இன்னதென்று அன்றுதான் அறிந்தனர் எனலாம். அதற்குமுன் அவர்கள் அறிந்திருந்தது கர்ப்பூரத்தைல நெடியுடைய நாட்டு மாவே. ஒரு மரம், ஓர் இனம், அடுத்த உறைபனி எப்போது வருமென்று தெரியாத நிலை. நெருக்கொட்டில் அதனைப் பெருக்குவதென்றால் பல்லாண்டு ஆகும். 1900ஆம் ஆண்டையொட்டி மயாமியின் யோர்ச்சு செலன் என்னும் நாற்றுமேடையாளர் அரும்பொட்டு முறையில் மாவைப் பெருக்குவதில் வெற்றி கண்டார். ஒரு கிளைக்குப் பதிலாக ஓர் அரும்பையும் அதனைச் சூழ்ந்த சிறு பட்டைத் துண்டையும் மட்டும் எடுத்துக் கன்றின் பட்டையிற் பதிப்பதே அரும்பொட்டு. அரும்பு தாயைப் பிரிந்துவிட்டது, உண்பிப்பார் இல்லை. ஆகவே நெருக்கொட்டிற் பொறுத்துப்போன பிழைகள் இங்கே பொறுக்கப்படவில்லை. ஒட்டுக்கட்டை புதுத்தளிர் விடும் தறுவாயில் இருக்கவேண்டும். அப்போதுதான் பட்டை நோகாமற் கழலும். தளிர் முற்றிக் கன்று ஓய்ந்துவிட்டால் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கத்தி எவ்வளவு கூரியதாயினும் பயனில்லை. புளோரிடாவில் இளவேனில் முதிர்ந்து வெம்மையும் ஈரமும் கூடும் மே, யூன் மாதங்கள் இதற்கேற்றவை. நாட்காட்டி அவ்வளவே சொல்லும். இந்தக் கன்று இன்று ஆயத்தமா என்பதை அந்தக் கன்றின் தளிரைப் பார்த்தே அறியவேண்டும்.

அந்த ஒற்றை மரத்தின் கொட்டையிலிருந்து வேறொரு கதையும் முளைத்தது. ஓய்வுபெற்ற படைத்தலைவரான யோன் ஏடன் என்பார் கேலிடம் வாங்கிய முல்கோபாக் கன்றுகளை 1902ஆம் ஆண்டிற் கொக்கனற் குறோவ் என்னும் ஊரில் நட்டார். 1910ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று சிவந்த பெரும்பழங்களை ஈன்றது. அதற்குமுன் அவர் இறந்துவிட்டார். அவர் பெயரே பழத்திற்கு இடப்பட்டது. உலகச் சந்தைகளில் இன்று விற்கப்படும் செந்நிற மாம்பழங்கள் பலவற்றின் முன்னோர் அந்த ஏடன் மரமே.

இனி இந்தியாவிற்கு மீள்வோம். 1960களில் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் பக்கவொட்டு முறையைச் செம்மைப்படுத்தினர். ஒட்டுமுளை தாயைப் பிரிந்து வருவதே இதிலும் முறை. ஆனால் பிரிப்பதற்கு ஏழு முதற் பத்து நாள் முன்னதாக, மூன்று நான்கு மாத வயதான, பூவாத கிளையொன்றின் இலைகளைக் காம்பு மட்டும் நிற்க அரிந்துவிடுவர். இலையை இழந்த கிளை, நுனியரும்பை விரைந்து ஊதச்செய்யும். எஞ்சிய காம்புகள் தொட்டால் உதிரும் நிலையை அடையும். அந்நிலையே வெட்டுதற்குரிய வேளை. குளிர்நாட்டு மரத்திற்கு இயற்கை அளித்த இலையற்ற நிலையை இங்கே கத்தரிக்கோல் அளிக்கிறது. ஐரோப்பியத் தோட்டக்காரன் மாரிக்காலம் முழுவதும் காத்துப் பெற்றதை இங்கே பத்து நாளிற் பெறுகின்றனர். வாழைநார் இருந்த இடத்திற்குப் பொலித்தீன் நாடா வந்தது. மழைநீர் உட்புகாமலும் உள்ளீரம் வெளிப்போகாமலும் அது காத்தமையால் உகந்த மாதங்களின் எல்லை விரிந்தது. வட இந்தியாவில் மார்ச்சு முதல் செத்தெம்பர் வரை பக்கவொட்டுக் கட்ட முடிந்தது.

கொங்கணக் கரையிலோ இயற்கையே ஓர் ஒழுங்கைச் செய்துவைத்திருந்தது. அங்கு மாம்பழம் ஏப்பிரல், மே மாதங்களிற் பழுக்கிறது. பழம் முடியும் தறுவாயில் மழை தொடங்குகிறது. மாங்கொட்டை நீண்டநாள் உயிர்தாங்கி இராது. சில கிழமைகளில் முளைக்குந் திறனை இழந்துவிடும். ஆக, கொட்டை புதிதாகக் கிடைக்கும் காலமும் காற்றில் ஈரம் நிறையும் காலமும் அங்கே ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. 1972ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தார், இந்த ஒத்திசைவைப் பயன்படுத்திக் கொட்டையொட்டு முறையைக் கொங்கணமெங்கும் பரப்பினர். முளைத்து இரண்டு கிழமைக்கு உட்பட்ட, தண்டும் இலையும் செம்புநிறம் மாறாத குருத்துக் கன்றின் தலையை அரிந்து, தண்டைப் பிளந்து, ஆப்புப்போலச் சீவிய ஒட்டுமுளையை அதிற் செருகிக் கட்டுவதே இம்முறை. கன்றின் உணவு இன்னும் கொட்டையிலேயே இருக்கிறது. தாய்மரத்தின் வேலையை இப்போது கொட்டை செய்கிறது. நாட்கள் சில தவறித் தண்டு பச்சைநிறம் பெற்று இறுகிவிட்டால் பிழைக்கும் கன்றுகளின் தொகை குறையும். 1990ஆம் ஆண்டுக்குப் பின் மகாராட்டிர அரசு வேலையுறுதித் திட்டத்தோடு பழமரச் செய்கையை இணைத்தபோது இலட்சக்கணக்கிற் கன்றுகள் வேண்டப்பட்டன. பரண்மேற் சட்டிகளை நம்பியிருந்தால் அத்தொகையைக் கனவிலும் காணமுடியாது.

மழை குன்றிய குசராத்தில் இதே சிக்கல் வேறுமுகங் காட்டியது. நாற்றுமேடையில் ஒட்டிய கன்றைப் பெயர்த்து நட்டால், ஆணிவேர் சிதைந்து வறட்சியில் மாள்வதாயிற்று. ஆனந்து என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சியாளர் அமீன், 1970களில், மரம் நிற்கவேண்டிய குழியிலேயே கொட்டையை ஊன்றி, கன்று வளர்ந்து மழைக்காலத்திற் செந்தளிர் விடும்போது அவ்விளந்தண்டின்மேல் ஒட்டும் முறையை வகுத்தார். வேர் ஆழத்திற்குப் போன வழியிலேயே போகிறது. மேலே மட்டும் இனம் மாறுகிறது.

நம் நாட்டவர் இவ்வரலாற்றிற் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கொங்கணத்து நூலில் ஆடி ஆவணி என்று எழுதியிருப்பதை யாழ்ப்பாணத்தில் அப்படியே பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். கொங்கணத்தில் அம்மாதங்கள் மழைமாதங்கள். யாழ்ப்பாணத்தில் அவை சோளகக் காற்று மணலை வாரியடிக்கும் வறண்ட மாதங்கள். இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை பெய்வது. மாம்பழமோ வைகாசி, ஆனி, ஆடியிலே பழுக்கிறது. கொங்கணத்திற் கைகோத்து வரும் கொட்டையும் மழையும் இங்கே சில மாத இடைவெளியில் தனித்தனியே வருகின்றன. எனவே கறுத்தக் கொழும்பானுக்கோ அம்பலவிக்கோ ஒட்டுக்கட்டை வேண்டுவோர், பழக்காலத்துக் கொட்டையை உடனே ஊன்றி, கிடுகு வேய்ந்த நிழலில் கிணற்றுநீர் இறைத்துச் சோளகத்தைக் கடக்கச் செய்தல் வேண்டும். ஐப்பசியின் முதல்மழைக்குப் பின் காற்றில் ஈரம் ஏறும். கன்றும் மூன்று நான்கு மாதம் வளர்ந்து புதுத்தளிர் எடுக்கும். குருத்துக் கன்றிற்குரிய கொட்டையொட்டு அப்போது ஒவ்வாது. இளந்தண்டின்மேல் ஒட்டுவதே பொருந்தும். மழை ஓயாது கொட்டும் நாட்களை விலக்கி, இடையிடையே வானம் வெளுக்கும் நாட்களில் ஒட்டி, ஒட்டுமுளையின்மேற் பொலித்தீன் உறையொன்றைக் கவிழ்த்துக் கட்டிவிட்டால் போதும். சில கிழமைகளில் உறைக்குள்ளே அரும்பு ஊதி மாந்தளிர் தலைகாட்டும். உறையைக் கழற்றும் நாள் அதுவே. ஆனால் நண்பகலிற் கழற்றலாகாது. வெயில் தாழ்ந்து, வாடைக்காற்று வீசத் தொடங்கும் முன்னிரவில் முடிச்சை அவிழ்த்து, மறுநாள் காலை அக்கன்றைக் கிடுகு நிழலிலேயே விட்டுவைத்தல் வேண்டும்.